வெள்ளகோவில் தோட்டத்தில் ஐந்து தட்டு மீன்

காலை பதினொரு மணிக்கு உக்கடம் மார்க்கெட்டில் ஒரு கிலோ பாறை மீன் வாங்கி, துண்டு போட்டு, ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். நான் தூத்துக்குடிக்காரன். யார் வீட்டுக்குப் போனாலும் எனக்குப் பழமும் ஸ்வீட்டும் தோன்றாது, மீன்தான் தோன்றும். ஆர்.எஸ்.புரத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஜான்சி, "கரூர் போற வழிதானுங்களே பிரபாகர், எங்கப்பா அம்மாவை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க. போன்ல எப்பக் கேட்டாலும் நல்லா இருக்கறோம்ங்கறாங்க. குரலே சரியில்லைங்க" என்றிருந்தாள். அவள் ஒரே பிள்ளை. கோவைக்கு வந்துவிடச் சொன்னால் இருவரும் மறுக்கிறார்களாம்.

சிங்காநல்லூரில் பேருந்து ஏறியதுமே நடத்துநர் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏனுங்க, மீனுங்களா? ஐஸ் ஒழுகுச்சுன்னா எல்லாரும் என்னையத்தானுங்க வைவாங்க." பல்லடம், காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் வரை, தொண்ணூறு கிலோமீட்டரும், பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஜான்சியின் அப்பா எபநேசர் ஐயா மொபெட்டில் வந்து கூட்டிப்போனார். எட்டு கிலோமீட்டர். இட்டேரி என்கிற ஒற்றை வண்டிப்பாதை, இருபுறமும் முள்வேலி, காய்ந்த மேய்ச்சல் நிலம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒரு வீடுகூட இல்லை. மனிதக் குரலே கேட்காத அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தோட்டத்து வீட்டு வாசலில் ஆண்கள் செருப்பு நான்கு ஜோடி கிடந்தன. கொடியில் பேன்ட்டும் லுங்கியும் காய்ந்தன. அப்பாடா, ஆள் இருக்கிற வீடுதான், ஜான்சி வீணாகப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அம்மா மெர்சி, வெளியே இருந்த விறகடுப்பில் அகலமான இரும்புச் சட்டியை ஏற்றிக் கொடுத்தார். "இங்கயே ஆக்கலாங் கண்ணு. வாசம் இட்டேரி வரைக்கும் போகோணும்." எங்கள் ஊர்ச் சமையல் ஒரே சட்டியில் முடிந்துவிடும். எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. அதன்மேல் கத்தரிக்காய், முருங்கைக்காய், தக்காளி. உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய மீனை மேலே பரப்பி, கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு மூடிவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் கூழாகிவிடும். காய்கறித் தண்ணீரிலேயே எல்லாம் வெந்துவிடும்.

ஐந்தரை மணி. அந்தம்மா வாசலில் ஐந்து தட்டு வைத்து, சோறு போட்டார். பிறகு வேலியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"சாமுவேலு! தானியேலு! மீனு ஆறுது, வாங்கடா!"

யாரும் வரவில்லை. ஜான்சிக்கு அண்ணன் தம்பி கிடையாதே! வேலியையும் அந்த இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

எபநேசர் ஐயா என் பக்கம் குனிந்தார். "பயந்துக்காதீங்க தம்பி. ரெண்டு பேரு பைக்குல வந்து, ஊட்டுல வேற யாருங்க இருக்கறாங்கன்னு கேட்டுப்போட்டுப் போனாங்க. தோட்டத்துல தனியா இருக்கற வயசானவங்களைத்தான அடிச்சுப்போடறாங்க இப்பெல்லாம்? அதான் ரெண்டு பசங்க இருக்கறாப்பல காட்டிக்கறமுங்க. செருப்பு, துணி எல்லாம் சந்தையில வாங்குனதுங்க."

"ஜான்சி வீட்டுக்கே போயிடலாமே ஐயா?"

"மாட்டை என்னங்க பண்றது? போலீசுல சொல்லியிருக்கறோம், அப்பப்ப வருவாங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

காரணம் தெரிந்ததும் மூச்சு வந்தது. கெட்டிக்காரர்கள்தான் என்று பாராட்டக்கூடச் செய்தேன். அந்தம்மா ஒவ்வொரு தட்டிலும் மீன் வைத்துக்கொண்டே போனார். ஐந்தாவது தட்டில் விழுந்த முருங்கைக்காயைப் பொறுக்கி எடுத்து என் தட்டில் போட்டார். "தானியேலுக்கு இது ஆகாது" என்றார். உரக்கச் சொல்லவில்லை. வேலிக்கு அப்பால் யார் நின்றிருந்தாலும் கேட்டிருக்காது. நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. மீன் அருமையாக வெந்திருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஏழு மணி கரூர் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வேலி திரும்பும் இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு பைக் நின்றது. பக்கத்தில் ஆளைக் காணோம். ஐயா வண்டியை நிறுத்திவிட்டார்.

அப்போது பின்னால், வீட்டுப் பக்கமிருந்து அந்தம்மாவின் குரல் வந்தது.

"பிரபாகரா! மீனு ஆறுதுடா, வா!"

"பதில் சொல்லுங்க தம்பி" என்றார் ஐயா, கெஞ்சுகிற மாதிரி. தொண்டை கிழியக் கத்தினேன், "இதோ வந்துட்டேம்மா!" ஐயாவை நான் கேட்கவில்லை, அவரே வண்டியைத் திருப்பினார். ஜான்சி கோபித்தாலும் சரி, இவர்கள் கோபித்தாலும் சரி, போன வேகத்திலேயே அவளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கரூர் எங்கேயும் ஓடிப்போகாது.

வாசலில் அந்தம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. சட்டியின் அடியில் இருந்த கடைசித் துண்டை எடுத்து வைத்துவிட்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஏங் கண்ணு இத்தன நேரம்? உங்க அண்ணனுங்க ரெண்டு பேரும் உண்டுபோட்டுப் படுத்துட்டாங்க."