மேஸ்திரியின் கண் வெளுத்தபோது

போன ஞாயிறு காலை. ரைஸ் மில் கோடவுனில், உமிக் குவியல் மேல் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. வாயிலிருந்து வால் நுனி வரை ஒரு கிழிசல் இல்லை. கண் இருந்த இடத்தில்கூட இரண்டு சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி... அதைப் பார்த்ததும் எனக்கு எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல் ஆகிவிட்டது.

ஒரு பாம்புச் சட்டைக்கா? ஆமாம். சொல்கிறேன்.

சேரப்பணஞ்சேரியில் என் மனைவியின் தம்பி கஜேந்திரன் நெல் அரைக்கும் மில் வைத்திருக்கிறான். கோடவுனில் ஒரு சாரைப் பாம்பு வளர்க்கிறான். கூடையில் அடைத்து அல்ல. குடிக்கத் தண்ணீர் வைப்பான். சாப்பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். எலிகளை ஒரு வழி பண்ணுவதால் அதன் பெயர் மேஸ்திரி. நெல் கொண்டுவரும் பெண்கள், "தோ, மேஸ்திரி வரான், கால தூக்கு" என்று மூட்டை மேல் ஏறிக்கொள்வார்கள். அவ்வளவுதான் பயம். விஷமில்லாத பிராணி.

இரண்டு வாரம் முன்பு மேஸ்திரியின் நிறம் மாறிவிட்டது. மஞ்சள் பளபளப்பு போய், அடுப்புச் சாம்பலைப் பூசியது போல ஆகிவிட்டது. கண் இரண்டும் நீலம் போட்ட பால் மாதிரி. எலி குறுக்கே ஓடினாலும் அசையவில்லை. கிட்டே போனால் சீறல் மட்டும்.

"மாமா, இன்னாமோ ஆயிடுச்சி மாமா. கண்ணு அவிஞ்சி பூட்ச்சி போல கீது" என்றான் கஜேந்திரன். அழுதுவிடுவான் போலிருந்தது.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களுக்குத்தான் தெரியுமே – எது எந்தக் கிழமை நடந்தது என்று கணக்கு வைக்காமல் நான் எதையும் பேசாதவன். உடனே வரிசையாக அடுக்கினேன்.

செவ்வாய்: மில்லுக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வாசலில் வந்து சண்டை போட்டாள். அவள் கோழிக்குஞ்சை மேஸ்திரி விழுங்கிவிட்டதாம். "இன்னொரு தபா என் வூட்டாண்ட வந்திச்சி, மருந்து வெச்சி சாவடிச்சிடுவேன்!" வியாழன்: படப்பை பஜாரில் ஒரு கடையில் அவள் எலி மருந்து வாங்கினாள். நானே பார்த்தேன். சனி: பாம்பின் கண் வெளுத்தது.

செவ்வாய், வியாழன், சனி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"விஷம்தான்டா. ஸ்டெல்லா வெச்சிட்டா" என்றேன். மில் நிறைய ஆட்கள். சத்தமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை ஸ்டெல்லா நெல் மூட்டையோடு வந்தாள். மகளுக்குக் கல்யாண ஒப்பந்தம் பேசியிருந்தது. அந்த விருந்துக்கு சொந்த நிலத்து நெல்லை அவித்துக் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். கஜேந்திரன் அவள் மூட்டையை வரிசையிலிருந்து இழுத்து வெளியே வைத்தான்.

"வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வெச்ச கைக்கு இங்க அரைக்க மாட்டேன். எட்துக்கினு போ."

இந்தப் பக்கத்தில் பங்காளிகள் கோர்ட்டு வரை போவார்கள். ஆனால் மில்லில் ஒருவர் மூட்டைக்குப் பின்னால் ஒருவர் மூட்டை என்று வைத்து, பேசாமல் அரைத்துக்கொண்டு போவார்கள். யாருடைய நெல்லையும் வெளியே தள்ளியதில்லை. அன்று தள்ளினோம். சேதி மாப்பிள்ளை வீடு வரைக்கும் போனது. "விஷயம் இன்னான்னு தெரியட்டும், அப்பறம் ஒப்பந்தத்த வெச்சிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் போன ஞாயிறு. உமி மேல் சட்டை. பக்கத்தில், புதுப் பித்தளைப் பாத்திரம் போல, கண் பளிச்சென்று மேஸ்திரி!

சட்டை உரிக்குமுன் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு நீர் ஊறும். நிறம் மங்கும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேலும் தோல்தான். அதனால் கண்ணும் வெளுக்கும். பார்வை சரியாகத் தெரியாது. அந்தப் பயத்தில் சீறும், இரை தொடாது. சில நாளில் கண் தெளிந்து, பிறகு சட்டை கழலும். நோயும் இல்லை, விஷமும் இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும் சார். இதே பத்தியில் நானே எழுதியிருக்கிறேன்! அழகாக எழுதியதாக நீங்கள் கடிதம் வேறு போட்டீர்கள். அதே சங்கதி என் காலடியில் வந்து படுத்தபோதுதான் அடையாளம் தெரியவில்லை.

நானும் கஜேந்திரனும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனோம். கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னா கஜா, உன் மேஸ்திரி பொழச்சிக்கினாரா?"

கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மில்லு எலிதாண்ணா எங்க வூட்ட கொடையுது. அதுக்கு வாங்கின மருந்து. கடையாண்ட நின்னு பாத்தீங்களே, 'எதுக்கு ஸ்டெல்லா'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிழமையை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

"நெல்ல குடு அக்கா. ராவோட ராவா அரைச்சி வூட்டாண்ட கொண்டாந்து போட்டுடறேன்" என்றான் கஜேந்திரன்.

"ராவுல எதுக்கு? நான் இன்னா திருட்டு நெல்லா கொண்டாந்தேன்? பட்டப்பகல்ல, நாலு பேர் எதிர்ல வெளிய வெச்ச இல்ல? அதே நாலு பேர் எதிர்ல உள்ள கொண்டு போ."

கொண்டு போனோம். கூட்டம் அதிகமாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மூட்டையை என் தோளிலேயே ஏற்றிக்கொண்டேன். ஸ்டெல்லா பின்னால் வந்தாள். வரிசையில் அவள் மூட்டையை இறக்கிவிட்டு, பெல்ட் சத்தத்துக்கு மேல் கத்தினேன்: "ஸ்டெல்லா மேல தப்பே இல்ல. பாம்பு சட்டை உரிச்சிருக்கு. தெரியாம பழி போட்டவன் நான்தான்!"

மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "அப்ப வெஷம் யாராண்ட தான் சார் இருந்திச்சி?"

மில்லே சிரித்தது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் அரைத்து, அரிசியைக் கட்டி, எல்லோரையும் போலக் கூலியை வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் வேண்டாம் என்றதை அவள் காதில் வாங்கவில்லை.

இந்தச் சேதியும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தம் நடக்கப்போகிறதாம்.

எந்தக் கிழமை என்று என்னைக் கேட்காதீர்கள் – எங்களுக்குச் சொல்லவில்லை.