எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் என் குரல்

தம்பி புதுக் கார் எடுத்திருக்கிறான். போன வாரம் என்னை ஏற்றிக்கொண்டு குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலத்துக்குக் கிளம்பினான். தெருமுனையைத் தாண்டவில்லை, அதற்குள் காரின் திரையில் என் போனின் பெயர் வந்து நின்றது. சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கார் கேட்கிறது. சரி என்று போனும் சொல்ல வேண்டுமாம். சம்பந்தம் பேசுவதுபோல் இரண்டு வீட்டுச் சம்மதமும் கிடைத்த பிறகுதான் பாட்டு.

"இப்பல்லாம் நமக்குத் தெரியாம வேற யாரும் நம்ம காருக்குள்ள பாட முடியாதுக்கா," என்றான் பெருமையாக.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

புதுக் காருக்குள் ஒரு வாசனை இருக்குமே, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் இருக்கை உறையும் கலந்து, லேசாகத் தலையை வலிக்க வைக்கும் வாசனை. அதை நான் முதலில் அறிந்தது அச்சன்புதூரில் எங்கள் வீட்டு வாசலில். என்னைப் பெண் பார்க்கச் சுரண்டையிலிருந்து வந்திருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டே காரை நிறுத்தியிருந்தார்கள். பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் நான்தான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே அவன் காரைப் பார்த்துவிட்டேன். இரண்டில் அதுதான் தேவலை என்பது பிறகு தெரிந்தது.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்குச் சிமெண்ட் கடை, ஒரே பையன், பேச்சில் பாதி ஆங்கிலம். அவன் அம்மா கேசரியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பொண்ணு பாடுமோ?" என்று கேட்டாள். எனக்குப் பாட்டு வரும். பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் எப்போதும் நான்தான். அம்மா சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டு ஒன்றைப் பாடினேன். மேலே போகிற ஓர் இடத்தில் பதற்றத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. சமாளித்து முடித்துவிட்டேன். அவன் மடியில் தீப்பெட்டி மாதிரி ஏதோ வெள்ளையாக இருந்தது. செல்போன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் தரகர் வந்து, ஜாதகம் சேரவில்லை என்றார். ஜாதகம் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள் என்று அப்பா கேட்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் அப்போது அதையெல்லாம் கேட்பதில்லை.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தென்காசியில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வீட்டு வரைபடம் போடுகிற வேலையில் இருந்தேன். குற்றாலத்தில் சீசன் நல்லபடியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் தோழி செல்வியோடு ஐந்தருவிக்குப் போனேன். குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்தபடி கார்கள் நிற்கிற இடத்தைக் கடந்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு காரின் நாலு கதவும் திறந்திருந்தன. சுற்றிலும் ஜட்டியும் துண்டுமாகப் பையன்கள். ஸ்பீக்கரில் முருகன் பாட்டு. செல்வி நின்றுவிட்டாள்.

"ஏட்டி, இது உன் குரல்லா?"

என் குரல்தான். அந்தக் கீச்சு வந்ததும் பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். முன்இருக்கையில் என்னைப் பெண் பார்க்க வந்த அவன், கையில் அன்று மடியிலிருந்த அதே வெள்ளைப் பெட்டி. ஏதோ பொத்தானை அமுக்கி, அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டான். ஒருத்தன் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு கீச்சென்று கத்திக் காட்டினான்.

"யாருலே இது?"

"அச்சன்புதூர்ல ஒண்ணு பாத்தோம்லா, அது. கேசட்டு சிக்கின மாதிரி கீச்சுன்னுச்சே, அந்தக் கேசட்டுப் பொண்ணு."

இன்னொருத்தனுக்குப் பாட்டைவிடக் கருவி முக்கியம். சின்னப் பிளேயரில் இருப்பது கார் ஸ்பீக்கரில் எப்படி வருகிறது என்று கேட்டான். அவன் விளக்கினான்: "இந்தா சொருகிருக்கேன்லா, இது டிரான்ஸ்மிட்டர். குட்டி ரேடியோ ஸ்டேஷன்னு வச்சுக்கோ. கார் ரேடியோவ எண்பத்தெட்டு புள்ளி ஒண்ணுல வச்சா போதும், நம்ம பாட்டுதான் வரும்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஈரத் தலையில் துண்டோடு நின்ற என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்கவும் செய்யாது. சண்டை போட வா என்று செல்வி இழுத்தாள். நான் நகரவில்லை. வாயிலிருந்த சிப்ஸை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாடுவதை நிறுத்தினேன். சமைக்கும்போது முணுமுணுப்பதுகூட நின்றது. என்ன ஆச்சு உனக்கு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. இந்த இடத்தில் முருகனே எனக்கு உதவினான் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். எங்கள் ஆபீஸ் மாடியில். கீழே ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த மாலதி, தண்ணீர் பிடிக்க மாடிக்கு வருவாள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். சிரித்த முகம். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போகப் புருஷன் வருவான். ஒருநாள் ஜன்னல் வழியாக யதேச்சையாகக் கீழே பார்த்தேன். அதே கார். நேர் கீழே வேப்பமரத்து நிழலில் நிற்கிறது. அவன் இறங்குவதே இல்லை. உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்பான்.

அன்றைக்கே செல்போன் கடைக்குப் போனேன்.

"டிரான்ஸ்மிட்டரா? கார்ல சொருகுததா, பேட்டரி போடுததா அக்கா?"

"பேட்டரி போடுதது."

"இது ரொம்பப் பக்கத்துல இருந்தாத்தான் எடுக்கும், பாத்துக்கோங்க."

"பக்கத்துலதான் நிக்கும்," என்றேன்.

பதிவு செய்கிற வசதியுள்ள பிளேயர் ஒன்றும் வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அதே பாட்டைப் பாடினேன். இந்த முறை உடையவே இல்லை, அவ்வளவு சுத்தம். கேட்டுப் பார்த்தேன். இது யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும்? மறுபடி பாடி, அதே இடத்தில் வேண்டுமென்றே கீச்சிட்டேன். தற்செயலாக வந்ததை வேண்டுமென்று வரவழைக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?

முதல் நாள் தோற்றேன். காருக்குள்ளேயே இருக்கிற அவன் கருவிக்கு முன்னால் என்னுடையது எடுபடவில்லை. வெறும் கொர்ரென்ற சத்தம். ஆனால் போன் வந்தால் அவன் பிளேயரையும் கருவியையும் அணைத்துவிடுவான். ரேடியோ மட்டும் சும்மா இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் புகுந்தேன். ஜன்னல் விளிம்பில் செடித்தொட்டிக்குப் பின்னால் கருவி. கீழே காருக்குள்ளிருந்து என் முருகன் பாட்டு கணீரென்று கிளம்பியது.

அவன் போனைக் கீழே போட்டுவிட்டான். கையிலிருந்த பிளேயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது அணைந்து கிடக்கிறது. சரியாக அந்த இடத்தில் கீச்சு வந்தது. அவன் தலை ஸ்பீக்கர் பக்கம் மெல்லத் திரும்பியதைப் பார்த்தேனே, அந்தச் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! அல்வாக்கடையில் சுடச்சுட இலையில் வாங்கிச் சாப்பிடுகிற சுகம்.

பிறகு இடைவெளி கிடைத்த போதெல்லாம் என் பாட்டை ஓடவிட்டேன். அவன் கருவியில் மூன்று நாலு எண்கள்தான் உண்டு. மாற்றினால் நானும் மாற்றித் தேடிப் பிடிப்பேன். வயரிங் கோளாறு என்று மெக்கானிக்கிடம் விட்டான். காருக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அப்புறம் செங்கோட்டைப் பக்கமிருந்து மந்திரித்து வந்த கயிறு ஸ்டியரிங்கில் ஏறியது. ஒருநாள் வீட்டுக்குப் போனால் அம்மா கொதித்துக்கொண்டிருக்கிறாள். தரகர் வந்து போயிருக்கிறார்.

"சுரண்டைக்காரங்க கேட்டு விட்டிருக்காங்களாம், ஒங்க பொண்ணு உசிரோட இருக்கான்னு. என்ன கேள்வி இது? வெளங்குவானுவளா?"

நான் அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு ரசம் வைக்கும்போது என்னையறியாமல் பாட்டு வந்தது.

அதுதான் என்னைக் காட்டியும் கொடுத்தது. ஆபீஸிலும் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு மத்தியானம் மாலதி தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான் ஏறுதப்போ எங்க கார்ல பாடுதது நீங்கதானே?"

மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்தது, ஐந்தருவி, முக்காடு போட்டுக் கத்தியவன், எல்லாம் சொன்னேன். அழுவாள், அல்லது என் மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னையும் பாடச் சொன்னாங்கக்கா," என்றாள்.

மறுநாள் அவன் பிளேயரையே கொண்டுவந்துவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் காதில் வைத்துக் கேட்டோம். அதில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பாட்டை மறந்து பாதியில் நிற்கிறாள். ஒருத்தி, தண்ணி வேணும் என்கிறாள். ஒருத்தி இருமுகிறாள், பின்னால் அவள் அப்பா, பயப்படாதம்மா என்று தேற்றுகிறார். கடைசியில் மாலதி. அவளுக்கு வாய் தவறி வந்த ஒரு வார்த்தையும், அதற்கு யாரோ சிரித்த சிரிப்பும் அப்படியே இருந்தன.

"இத ஃபிரெண்ட்ஸ்ட்ட போட்டுக் காட்டிருப்பாரோ?"

நான் பிளேயரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, அத்தனையையும் என் பிளேயருக்கு ஏற்றிக்கொண்டேன்.

அந்த வாரமே ஒருநாள் அவன் அம்மாவைச் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கக் கூட்டிவந்திருந்தான். எடுத்து முடிந்து, மாலதியின் வேலை முடியட்டும் என்று இருவரும் காரில் காத்திருந்தார்கள். மாலதி கீழே போய், "பாட்டு கேட்டுக்கிட்டு இருங்க அத்தை, இந்தா வந்துருதேன்," என்று அவளே ரேடியோவைப் போட்டு, எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் திருப்பியும் வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவந்தாள். என் ஜன்னலில் என்னோடு நின்றாள்.

ஒவ்வொருத்தியாகப் பாடினார்கள். பாட்டை மறந்தவள், இருமியவள், நான். அவன் ரேடியோவை அணைக்கக் கை நீட்டினான். அவன் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். எல்லாக் குரலும் அவள் முன்னால் உட்கார்ந்து பாடிய குரல்தானே.

"ஏலே, இது... நம்ம மாலதி குரல்லா?"

"ஆமா அத்தை, நாந்தான்," என்று மேலிருந்து சத்தமாகச் சொன்னாள் மாலதி. "நல்லாருக்கா?"

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். அண்ணாந்து பார்த்தான். வாய் திறந்திருந்தது.

"அச்சன்புதூர்," என்றேன். "உசிரோடதான் இருக்கேன்."

ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றவர்கள், ஜூஸ் கடைக்காரர், ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது. மேலே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், கீழே ஒருத்தன் தலைகுனிகிறான், அது போதாதா?

மறுநாள் மாடியேறி வந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை.

"வெளையாட்டுக்குப் பண்ணினதுங்க," என்றான்.

"நானும் வெளையாட்டுக்குத்தாங்க பண்ணினேன்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சொல்லத் தோன்றவில்லை. மாலதி அவனை விட்டுப் போகவில்லை, ஆனால் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிறகு சாயங்காலங்களில் ஓட்டியது அவள். பக்கத்து இருக்கையில் அவன். பாட்டு கிடையாது. பிளேயரில் இருந்தவற்றை அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அழித்ததாகச் சொன்னாள். என்னிடமிருந்தவற்றையும் நான் அழித்துவிட்டேன். அந்தப் பெண்களைக் கேட்காமல் வைத்துக்கொள்ள எனக்கும் உரிமையில்லை.

ஆனால் என் பாட்டையாவது வைத்திருக்கலாம். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், வேப்பமரமும் போயிற்று. மாலதி கோயம்புத்தூரில் இருக்கிறாள். எனக்கு மூன்று வருஷத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன் ஆனது. இப்போது பாடினால் கரகரவென்று காற்றுதான் வருகிறது. எனக்கு இருபத்து மூன்று வயதில் இருந்த அந்தக் குரலை இனி எந்தக் கருவியிலும் கேட்க முடியாது. அம்மா இருந்தவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அதை மறக்க முடியாமல் வைத்திருக்கிற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். தனியாகக் காரில் போகும்போதெல்லாம் அவனுக்கு அது கேட்க வேண்டும், கீச்சு உட்பட.