கொள்ளிடத்தில் மூச்சுத் திணறிய வண்டி

பச்சைமலைக்குப் போக நான் சொன்ன காரணம் அருவி. உண்மையான காரணம், செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் ஃபோர் வீல் பிக்கப்பின் ஸ்நார்க்கல். பானெட்டின் ஓரத்திலிருந்து டிரைவர் ஜன்னலை ஒட்டிக் கூரை உயரத்துக்கு நிற்கும் கறுப்புக் குழாய் அது. எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு விடும், ஆழமான ஓடையில் இறங்கினாலும் உள்ளே தண்ணீர் போகாது. அதைச் சோதித்துப் பார்க்க எனக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், கூட வேலை பார்க்கும் கோதையை ஸ்ரீரங்கத்தில் ஏற்றிக்கொண்டு துறையூர் வழியாகக் கிளம்பினேன்.

மலையில் ஓடைகளைத் தாண்டியதெல்லாம் சுகமாகவே நடந்தது. சிக்கல் திரும்பும்போதுதான். வண்டி முழுக்கச் செம்மண். டோல்கேட் பக்கம் வாட்டர் வாஷ் கடையில் கரண்ட் இல்லை. மன்னார்புரத்தில் என் வீட்டு மாடியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. "ஆறு பக்கத்துலதானே இருக்கு" என்று கொள்ளிடத்து மணலில் இறக்கிவிட்டேன். புத்தி கெட்ட வேலை.

கழுவும்போது ஸ்நார்க்கல் வாயை மூட வேண்டும். நான் வைத்திருந்த பிளாஸ்டிக் பை காற்றில் பறந்துவிட்டது. கோதை டேஷ்போர்டிலிருந்து ஒரு பட்டுத்துணியை எடுத்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கோயில் மரியாதையாகத் தலையில் கட்டிய பரிவட்டம் அது. வழித்துணையாக இருக்கட்டும் என்று காலையில்தான் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"இவருக்கும் ஒரு மரியாதை பண்ணிடலாம்டி" என்று குழாயின் தலையில் சுற்றி இறுக்கி முடிந்தாள். அத்தனை பாந்தமாக இருந்தது. இருவரும் சிரித்தோம்.

வாளி வாளியாக ஊற்றித் தேய்த்து முடித்தபோது மணி ஐந்தரை இருக்கும். தூரத்தில் நின்ற கொக்குகள் சத்தமே இல்லாமல் ஒரேயடியாக எழும்பிப் போயின. எங்கள் காலடித் தடங்களுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சற்று முன்வரை காய்ந்து கிடந்த மணல் அது. அலை இல்லை, இரைச்சல் இல்லை.

கரையில் மாடு ஓட்டிப்போனவர் கத்தினார். "எம்மா, முக்கொம்பு அணையில தண்ணி தொறந்துட்டாங்க! மேல ஏறுங்க!"

ஓடி ஏறி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் ஒரு முறை உறுமி அடங்கியது. மறுபடியும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அடங்குவதற்கு முன் என் காதருகே யாரோ மூச்சை உள்ளிழுக்க முடியாமல் தவிக்கும் சத்தம் கேட்டது.

"வெளில யாரோ இருக்காடி" என்றாள் கோதை, மெதுவாக.

யாரும் இல்லை. தண்ணீர் டயரைச் சுற்றி வந்துவிட்டது. இன்னும் கடன் தீராத வண்டியை விட்டுவிட்டு இறங்கி ஓடுவதா, உட்கார்ந்து பார்ப்பதா? மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபோது ஜன்னல் பக்கம் பார்த்தேன். பரிவட்டம் கட்டிய கறுப்புத் தலை. அதன் முகத்தில் ஈரமான பட்டு உள்ளே குழிந்து, திறந்த வாய் போலத் தெரிந்தது.

நான் அலறினேன். கோதை "ரங்கா, ரங்கா" என்றாள். அடுத்த நொடி இருவருக்கும் ஒன்றாகப் புரிந்தது. குழாயின் வாயை மூடியதே நாங்கள்தான், அவிழ்க்க மறந்திருந்தோம். வெறும் பையாக இருந்திருந்தால் கண்ணில் உறுத்தியிருக்கும். தலையில் பரிவட்டம் இருப்பதைத் தப்பு என்று ஸ்ரீரங்கத்துக் கண் எப்படி நினைக்கும்?

கோதை என் மேல் சாய்ந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவிழ்த்துப் பார்த்தாள். நனைந்த முடிச்சு இளகவே இல்லை. டேஷ்போர்டில் கத்தி இருந்தது. அவள் அப்பாவின் துணி. கத்தியை எடுத்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"கத்திய குடுடி" என்றாள். பட்டு கிழிந்ததும் சாவியைத் திருப்பினேன், எஞ்சின் நீளமாக ஒரு மூச்சு இழுத்தது.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் எங்கள் வாளி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள், கடையில் கரண்ட் வரும்வரை காத்திருங்கள். பிரஷர் தண்ணீரை ஸ்நார்க்கல் வாய்க்கு நேராக அடிக்க விடாதீர்கள். ஓடை தாண்டி வந்தால் ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள். வாயை மூட அசிங்கமான சிவப்புப் பையையே கட்டுங்கள், அதை அவிழ்க்காமல் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி சாவியையும் அதிலேயே தொங்கவிடுங்கள்.

கிழிந்த பட்டைக் கோதை துவைத்து மடித்துப் பூஜை அறையில் வைத்திருக்கிறாள். நடுவில் வட்டமாக ஒரு கறை, எத்தனை துவைத்தும் போகவில்லையாம். அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நானோ, அந்தக் குழாய் மூச்சு விடுவதைக் கேட்காமல் இன்றுவரை ஜன்னலை ஏற்றுவதில்லை.