ஆறிய வானில் எடுத்த அளவு

1

நான் வேலைக்கு வந்தபோது யோகன் அண்ணனின் வான், வண்டியைத் தூக்கும் ஹொயிஸ்டில் ஏறியிருந்தது. கியர்பொக்ஸை இறக்கச் சொல்லிவிட்டார் கராஜ் சொந்தக்காரர். நாங்கள் அவரை பாஸ் என்போம். அவர் இறக்கச் சொன்னதற்குக் காரணம், நான் எழுதிய அறிக்கை.

யோகன் அண்ணன் களுவாஞ்சிக்குடியிலிருந்து சிறுநீரக நோயாளர் ஐந்து பேரை, இரத்தம் சுத்திகரிக்க, வாரம் மூன்று நாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருபவர். ஓட்டோமெட்டிக் வான். அரை மணித்தியாலம் ஓடியதும் செக் லைட் எரியும். வேகம் ஏறாது, இன்ஜின் சுற்றும் ஆர்பிஎம் மட்டும் ஏறும். கியர் எண்ணெய் கொதித்துவிடும். ரோட்டோரம் நிறுத்தி ஆறவைத்துத்தான் மிச்சத் தூரம் போகவேண்டும். டோர்க் கொன்வேர்ட்டர் கிளட்ச் சொலனொயிட்டின் மின்சுற்றில் பிழை என்று ஸ்கேனர் கோட் காட்டியது. இன்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் கொன்வேர்ட்டரை, வண்டி சீராக ஓடும்போது பூட்டுகிற மின்வால்வு அது.

மீற்றர் வைத்துப் பார்த்தேன். மின்தடை பதின்மூன்று ஓம்ஸ். கைநூல் சொல்லும் அளவுதான். வயரிலும் பிழையில்லை. "சொலனொயிட் நல்லது" என்று எழுதி, முழுப்பெயரோடு கையெழுத்து வைத்தேன். எங்கள் குடும்பத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். பெயரைச் சுருக்கி எழுதுவதில்லை. ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டை அழித்து வானைக் கொடுத்தோம். திரும்பி வந்தது. மறுபடியும் பதின்மூன்று. மூன்றாம் முறையும் அதே.

"சொலனொயிட் நல்லமெண்டு நீதானே புள்ள எழுதினாய்? அப்ப கியர்பொக்ஸுக்கு உள்ளுக்கதான் போயிற்று" என்றார் பாஸ்.

"கொழும்பால சாமான் வர எத்தின நாள் பாஸ்?" யோகன் அண்ணன் கேட்டார்.

"மூண்டு கிழமை வை."

"சாமான் வருமட்டும் அந்தச் சனம் எதுல போற? பஸ்ல தொங்கிக்கொண்டா? ஊசி குத்தின கையோட கம்பியையும் பிடிக்க ஏலா."

பாஸ் ஸ்பானரை எடுத்தார்.

2

என் நோட்டுப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். சலிப்பில் எண்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஓரத்தில் குறித்திருந்த காலை நேரங்களைப் பார்த்தேன். ஏழரை. ஏழேமுக்கால். ஏழரை.

ஒருமுறை கொதித்த கியர் எண்ணெய் பாஸின் கையை அவித்தது. அன்றிலிருந்து எங்கள் கராஜில் சூட்டு வண்டியில் யாரும் கை வைப்பதில்லை. வண்டியைப் பின்னேரம் விட்டுவிட்டுப் போகவேண்டும். காலையில் சாம்பிராணி காட்டிய பிறகுதான் தொடுவோம். சூட்டில் பிழைவிடும் வானை நான் மூன்று முறையும் பச்சைத்தண்ணீர் போல ஆறிய பிறகே அளந்திருக்கிறேன்.

"பாஸ், வானை ஒருக்கா கீழ இறக்குங்க. ஓடிப்போட்டுச் சூட்டோட அளக்கணும்."

"சூட்டுல கை வைக்கிறல்ல எண்டு தெரியாதா?"

"தெரியும். அதாலதான் அளவு பிழையாப் போயிருக்கு."

"படிச்ச புள்ளைக்கு மூண்டு தரம் அளந்தும் காணாதாக்கும்."

பக்கத்து வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் சிரித்தார்கள். யோகன் அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். "வா புள்ள. எண்ட வான்தானே."

வானை இறக்கி அரை மணித்தியாலம் ஓடியதும், களுதாவளையில் லைட் எரிந்தது. ரோட்டோரம் நிறுத்தி, தடித்த கையுறையோடு கீழே புகுந்து பிளக்கைக் கழற்றினேன். மீற்றரில் எண்ணே வரவில்லை. சொலனொயிட்டின் உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருந்தது. பனியன் நனைய அங்கேயே காத்திருந்தோம். வான் ஆறியதும் பதின்மூன்று வந்தது. சூட்டில் விலகுகிற முனை, ஆறியதும் தொட்டுக்கொள்கிறது.

"முதல் நாளே இப்பிடி அளந்திருக்கணும் அண்ணன். பிழை என்னிலதான்."

"அத பாஸுக்கு முன்னால சொல்லு. எனக்கிட்ட என்னத்துக்கு?"

சொன்னேன், பெயின்ட் அடிக்கிறவர்களும் கேட்கத்தான். பாஸ் கொழும்பு பஸ்ஸில் சொலனொயிட் ஒன்றை அனுப்பச் சொல்லி ஃபோன் எடுத்தார். கியர்பொக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, எண்ணெய் அடிச்சட்டியை மட்டும் கழற்றிச் சொலனொயிட்டை மாற்றினேன். அடுத்த சிகிச்சை நாளுக்கு வான் ஓடியது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டி எந்த நிலையில் பிழைவிடுகிறதோ அந்த நிலையில் அளந்து பாருங்கள். "நல்லது" என்று எழுதினால், எந்தச் சூட்டில் நல்லது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் அப்படி அளக்காமலும் எழுதாமலும் விட்டதால் நோயாளர் ஐந்து பேர் இரண்டு கிழமையாக, போகும்போதும் வரும்போதும், வெயிலில் வான் ஆறும்வரை ரோட்டோரம் குந்தியிருந்திருக்கிறார்கள்.