மேப்பிள் பாகு என்று சொல்லி அனுப்பிய பெட்டி

வெர்லின் ஸ்காருக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் எங்கள் ஹால்வர் ஊரில் எல்லாரும் நினைத்திருந்தோம். பள்ளிக்கூட பஸ் ஷெட்டில் அவனும் நானும் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக்குகள். பிரேக்கில் அரைச் சந்தேகம் இருந்தால்கூட வண்டியை வெளியே விடமாட்டான். டிரைவர்கள் கத்துவார்கள். "பிள்ளைங்க ஏறுற வண்டி" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு பீர். குடிகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலைத் திறந்தால் நாலு பேருக்கு ஊற்றி, தன் பங்குக்கு விரற்கடை அளவு எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். எங்கள் விஸ்கான்சினில் சில சின்ன ஆலைகள் காய்ச்சும் பீர் மாநில எல்லை தாண்டி விற்பனைக்குப் போகாது. ஜார்ஜியாவில் இருப்பவனுக்கு அது கிடைக்காது. அவன் ஊர்ச் சரக்கு நமக்குக் கிடைக்காது. இப்படிப்பட்டவர்கள் இணையத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, நீ ஒரு பெட்டி அனுப்பு, நான் ஒரு பெட்டி அனுப்புகிறேன் என்று மாற்றிக்கொள்வார்கள். காசுப் பேச்சே கிடையாது. கேட்டதற்கு மேல் இரண்டு பாட்டில் சேர்த்து வைப்பதுதான் மரியாதை.

சிக்கல் அனுப்புவதில்தான். தபாலில் மதுவை அனுப்பக்கூடாது, அது சட்டம். பார்சல் கம்பெனிக்காரர்களும் உரிமம் உள்ள கடைகளிடம்தான் வாங்குவார்கள், நம்மைப் போன்ற ஆட்களிடம் வாங்கமாட்டார்கள். அதனால் எல்லாரும் பொய் சொல்லி அனுப்புவார்கள்.

வெர்லின் பெட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மூடிமேல் டேப் சுற்றுவான். பாட்டிலைப் பழைய கம்பளிக் காலுறைக்குள் இறக்கி, குமிழ்த்தாள் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, பெட்டிக்குள் நிறுத்துவான். பிறகு பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குவான். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து கட்டுவான். அனுப்பிய பிறகு பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பான். ஜெர்சியில் ஒருவன் பெட்டி ஒழுகிப் பிடிபட்டான், டெக்சாசில் ஒருவன் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று யாராவது எழுதிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊரில் பார்சல் வாங்கும் இடம் லோவலின் இரும்புச் சாமான் கடையில் ஒரு மூலை. அங்கே ட்ரூடி வெண்டார்ஃப் இருந்தாள். ஐம்பத்தைந்து வயது, கண்ணாடிக்குச் சங்கிலி. ஒவ்வொரு முறையும் கேட்பாள்:

"உள்ள என்ன, வெர்லின்?"

"சாஸ்."

"உடையுற சாமானா?"

"கண்ணாடி பாட்டில்தான். நல்லா சுத்தியிருக்கேன்."

இதைச் சொல்வதற்குள் அவன் காது மடல் சிவந்துவிடும். வெளியே வந்து என்னிடம், "அவளுக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் கண்டுக்காம விடறா" என்பான். ஏழு வருஷமாக அவன் தன்னைத் தேற்றிக்கொண்ட வழி அதுதான்.

போன ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து டெஸ்மண்ட் ப்ரூயிட் என்ற கூட்டாளியின் பெட்டி வந்தது. வெர்லின் கேட்டது ஆறு பாட்டில். வந்தது பதினொன்று. மேலே ஒரு சீட்டு: பிப்ரவரி முதல் வாரம் எனக்கு நாற்பது வயது, உங்கள் ஊர்க் கறுப்பு பீரைத் திறந்து கொண்டாட வேண்டும், முடிந்தால் அதற்குள் அனுப்பவும்.

கடுங்குளிரில் யாரும் அனுப்பமாட்டார்கள். பீர் உறைந்தால் பாட்டில் வெடிக்கும். வெர்லினுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் பதினொரு பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனுக்கு உடம்பு கூசியது. அந்த வாரம் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. பெட்டியோடு லோவல் கடைக்குக் கிளம்பிவிட்டான், நானும் கூடப் போனேன்.

ட்ரூடி பெட்டியைத் தராசில் வைத்தாள். "இந்தக் குளிர்ல சாஸ் உறைஞ்சிடாதா? வேணும்னா பத்து நாள் பொறு. கெட்டுப்போனா உனக்குத்தானே நஷ்டம்."

"இது மேப்பிள் மரத்துப் பாகு" என்றான் வெர்லின். "உறையாது."

"அப்ப சரி" என்றாள். அவளாகவே ஒரு நல்ல டேப்பை எடுத்து அடியில் இன்னொரு சுற்று ஒட்டினாள். "உடையும் பொருள்" என்று பெரிய எழுத்தில் நாலு பக்கமும் எழுதினாள். வெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாலாம் நாள் போனில் "சேதம்" என்று வந்தது. அடுத்த வாரம் ட்ரூடி அவனுக்கு போன் செய்தாள். பெட்டி திரும்பி வந்திருக்கிறது, பின்வாசல் வழியாக வா என்றாள். அங்கே நடந்ததை ஷெட்டில் வைத்து அவன் என்னிடம் சொன்னான், ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டி கறுத்து நைந்து போயிருந்தது. பாட்டில்கள் லாரியில் உறைந்து வெடித்திருக்கின்றன. சூடான கிடங்குக்குப் போனதும் எல்லாம் உருகி, கீழே இருந்த பெட்டிக்குள் இறங்கிவிட்டது. கீழே இருந்தது டெல்ஃபின் குபியாக்கின் அக்கார்டியன்.

டெல்ஃபின் எங்கள் பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. வெள்ளிக்கிழமை மீன் விருந்துகளில் அவள் வாசித்தால் நடக்க முடியாதவனும் காலாவது ஆட்டுவான். மே மாதம் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் சுருதி சரிபார்க்க மினசோட்டாவில் ஒருவருக்கு அந்த வாத்தியத்தை அனுப்பியிருந்தாள். அக்கார்டியனில் காற்றை இழுத்துத் தள்ளும் மடிப்பு அட்டையும் தோலும் கொண்டது. அதில் கறுப்பு பீர் ஒரு நாள் முழுக்க ஊறியிருக்கிறது.

"லோவல்கிட்ட என்ன சொன்ன?" என்று ட்ரூடியைக் கேட்டிருக்கிறான்.

"உள்ள என்னன்னு உன்னைக் கேக்க மறந்துட்டேன்னு சொன்னேன். கேட்டாத்தானே நீ பொய் சொன்னதா ஆகும். நீ பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்குறவன். பொய் சொல்லி மது அனுப்பினான்னு புகார் போனா வேலை நிக்குமா? எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி. அதோட போச்சு."

"ட்ரூடி, உனக்கு முன்னாடியே தெரியும்னு நான்..."

"என்ன தெரியும்?"

அவன் நைந்த பெட்டியின் ஓரத்தைப் பிய்த்தான்.

"நான் நம்புனேன், வெர்லின். ஏழு வருஷமா சாஸுன்னே நம்புனேன். இவ்வளவு பேருக்கு அனுப்புறானே, நமக்கு ஒரு பாட்டில் ருசி பாக்கக் குடுக்கலையேன்னு கொஞ்சம் வருத்தம்கூட உண்டு."

இதைச் சொல்லும்போது வெர்லினின் கை ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்திவிட்டது. "அவ முட்டாளும் இல்ல, கண்டும் காணாம விடறவளும் இல்ல. நான் சொன்னதுனால நம்பியிருக்கா. அவ்வளவுதான்" என்றான்.

மறுநாள் மதியம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தோம். டெல்ஃபின் தட்டு எடுக்க வந்தபோது ஹாங்க் என்ற டிரைவர் ஆரம்பித்தான்:

"டெல்ஃபின், உன் பெட்டிக்கு பீர் ஊத்திட்டாங்களாமே? விஸ்கான்சின் அக்கார்டியன் பீர் குடிக்கிறது புதுசா என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். டெல்ஃபினும் உதட்டளவில் சிரித்தாள். "மத்த நாள்ல வாசிக்கிறவங்க குடிப்போம். இப்ப அதுவே குடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள். அடுக்கும்போது அவள் கண்ணைப் பார்த்தேன். வெர்லினும் பார்த்தான். கையில் இருந்த ரொட்டியைக் கடிக்காமல் அப்படியே வைத்துவிட்டான். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த மேஜையில் அவன் பாட்டிலில் பங்கு குடித்தவன் நான் ஒருத்தன்தான்.

மூன்று நாள் அப்படிப் போனது. நாலாம் நாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவன் எழுந்து சமையலறைக்குள் போனான். நான் வாசலில் நின்றேன். டெல்ஃபின் பெரிய அண்டா ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டி என்னோடது" என்றான்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "எந்தப் பெட்டி?"

"பீர் பெட்டி. உன் வாத்தியத்துக்கு மேல இருந்தது."

அவள் அண்டாவை விட்டுத் திரும்பினாள். "அன்னிக்கு ஹாங்க் கேலி பண்ணினப்ப நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"ரொட்டி தின்னுக்கிட்டு."

"ஆமா."

"நான் என்ன பண்ணினேன் தெரியுமா, வெர்லின்? லோவல் கடையில போயி, கேக்க வேண்டியதைக் கேக்காம என்ன வேலை பாக்குறன்னு பத்துப் பேரு முன்னாடி ட்ரூடியைத் திட்டினேன். அவ உன்னைக் காட்டிக்குடுக்காம வாங்கிக்கிட்டா. இப்பத்தான் புரியுது." தண்ணீரைத் திறந்துவிட்டாள். "போ. எனக்கு முந்நூறு தட்டு கிடக்கு."

ட்ரூடி திட்டு வாங்கியதைக் கேட்ட பிறகு அவனால் ஷெட்டுக்குத் திரும்ப முடியவில்லை. என்னை நேராக லோவல் கடைக்குக் காரை ஓட்டச் சொன்னான். லோவல் கல்லாவில் இருந்தார். பக்கத்தில் ட்ரூடி ரசீது அடுக்கிக்கொண்டிருந்தாள். வெர்லின் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்: அவள் கேட்க மறக்கவில்லை, ஒவ்வொரு முறையும் கேட்டாள், நான்தான் பொய் சொன்னேன், அன்றைக்கு மேப்பிள் பாகு என்றேன், தப்பு முழுக்க என்னுடையது, எங்கே கையெழுத்து போடணும்.

லோவல் கெட்ட மனுஷர் இல்லை. மெதுவாகக் கேட்டார்: "அவ கேட்டாளா?"

"கேட்டாங்க, லோவல். சத்தியமா."

லோவல் ட்ரூடி பக்கம் திரும்பினார். "அப்ப நீ என்கிட்ட சொன்னது?"

அந்த நொடியில்தான் தான் செய்தது வெர்லினுக்கு உறைத்தது. நானும் அதுவரை யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்லி அவளைக் காப்பாற்ற வந்தவன், அவளை முதலாளி முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டான்.

ட்ரூடி ரசீதுகளைக் கீழே வைத்தாள். "ஆமா. மாத்திச் சொன்னேன்" என்றாள்.

வெளியே வரும்போது பின்னாலேயே வந்தாள். கோட்டு போடவில்லை, அந்தக் குளிரில்.

"என்னைக் கேட்டியா?" என்றாள். "சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"உன் மனசு லேசாகணும், அதுக்கு வந்த. ஆயிடுச்சா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். அவள் உள்ளே போய்விட்டாள்.

பார்சல் கம்பெனிக்கு லோவல் எழுதிய கடிதத்தில் வெர்லின் கையெழுத்து போட்டான். இனி அந்தக் கடையிலிருந்து அவன் பேரில் ஒரு உறைகூடப் போகாது. பள்ளி நிர்வாகத்திடமும் தானே போய்ச் சொன்னான். வேலை போகவில்லை. கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் சேர்ந்தது. ட்ரூடியைத்தான் பார்சல் மூலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லோவல் அவளைப் பெயிண்ட் கலக்கும் இடத்தில் போட்டார். பார்சலுக்கு ஒரு புதுப் பெண் வந்தாள்.

திரும்பி வந்திருந்த அக்கார்டியனை மினசோட்டாவுக்கு வெர்லினே காரில் கொண்டுபோனான். நானும் போனேன். பழுது பார்ப்பவர் மடிப்பை விரித்துப் பார்த்தார், முகர்ந்தார். "மடிப்பு புதுசாப் போடணும். உள்ள தகடெல்லாம் துருப்பிடிச்சிருக்கு. ஒண்ணொண்ணாக் கழட்டணும். ஆகஸ்ட் ஆகும்" என்றார். மே மாதத்துக்குள் முடியுமா என்று வெர்லின் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் அவர் அதே பதிலைச் சொன்னார். செலவு முழுக்க வெர்லினுடையது. டெல்ஃபின் அதை மறுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். ஒன்றுவிட்ட தங்கையிடம் இரவல் வாங்கிய வாத்தியத்தில் வாசித்தாள். இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு, விரல் பழகவில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள். வெர்லினுக்கும் அழைப்பு இருந்தது. மனைவியை மட்டும் அனுப்பினான்.

டெஸ்மண்டுக்கு எல்லாவற்றையும் எழுதினான். பாட்டில் போனால் போகட்டும், வருத்தப்படாதே என்று அவர் பதில் போட்டார். பிறகு கூட்டாளிகள் கூடும் இணையப் பக்கத்திலும், ட்ரூடியின் பேரை மட்டும் விட்டுவிட்டு, நடந்தது நடந்தபடி எழுதி, இனி நான் அனுப்பப்போவதில்லை என்று முடித்தான். நாற்பது பேருக்கு மேல் பதில் எழுதியிருந்தார்கள். என்னிடம் போனை நீட்டினான். ஜனவரியில் ஏன் அனுப்பினாய், இரட்டைப் பெட்டி போட்டிருக்கலாமே, பாகு என்று சொல்லாதே, அதுவும் திரவம்தான், கண்ணாடிக் குவளை என்று சொல்லு.

"அந்த அம்மா என்ன ஆனாங்கன்னு ஒருத்தன்கூடக் கேக்கலடா" என்றான். கொஞ்சம் கழித்து, "நானும் போன வருஷம் இப்படித்தான் யாருக்கோ யோசனை சொல்லியிருப்பேன்" என்றான்.

ஆணி வேண்டுமென்றாலும் பக்கத்து ஊருக்கு ஓட்டிப்போய் வாங்கினான். செப்டம்பர் வரை லோவல் கடை வாசலை மிதிக்கவில்லை. பிறகு, வீட்டுக் கொட்டகைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தபோது, ரீனாட்டா, அவன் மனைவி, "நான் போகமாட்டேன். நீயே போ" என்று சொல்லிவிட்டாள். போனான்.

போய் வந்ததை என்னிடம் சொன்னான். ட்ரூடி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாளாம்:

"வெளிச்சுவருக்கா, உள்ளுக்கா?"

"வெளியில."

"பழைய மரமா?"

"ஆமா. நாப்பது வருஷம் இருக்கும்."

"முதல்ல நல்லாச் சுரண்டு. ஒரு கோட்டு அடிப்பூச்சு அடி. இல்லாட்டி உரிஞ்சிடும்."

கலக்கி, மூடியில் ஒரு சொட்டுத் தொட்டு நிறம் காட்டி, கையில் கொடுத்தாளாம். வேறு ஒன்றும் பேசவில்லை. யாருக்கும் எப்படிக் கொடுப்பாளோ அப்படி.

"திட்டியிருந்தாத் தேவலாம்னு இருந்துச்சு" என்றான் வெர்லின்.

"நீ ஏதாவது சொன்னியா?"

"சரின்னு சொன்னேன்."

அந்த வார இறுதியில் கொட்டகை வேலையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்தோம். பெயிண்டைத் தொடவே விடாமல் இரண்டு நாளும் அவன் என்னை அந்தச் சுவரைச் சுரண்டவைத்தான்.