சுருட்டிக்குள் இருந்தவள்

சின்னி என்பது அவளுடைய பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகும் அவள் மற்றவர்களின் தோளுக்குக் கீழேதான் இருந்தாள். பேருந்தில் அவள் தலைக்கு மேலேயே இரண்டு பேர் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார்கள். கடையில் வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர் அவளைத் தாண்டிக் கையை நீட்டுவார். "இங்க ஒரு ஆள் நிக்கிறது தெரியலையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டும் அவள் கணவன் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷன். தன் வீட்டில் ஆள் பாதி, ரோஷம் மீதி என்று சொல்லிச் சிரிப்பான்.

அவள் வேலை பார்த்த தையல் கூடத்தை மூடிவிட்டார்கள். ஒரு பெரிய பொம்மைக் கடையில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அவள் சேர்ந்த சமயம் 'பூதப்பை' விளையாட்டின் புதிய பாகம் வெளிவந்து, கடையே அமளிதுமளிப்பட்டுக் கொண்டிருந்தது. காடு மேடெல்லாம் சுற்றி விதவிதமான பூதங்களைப் பிடித்துப் பையில் சேர்த்து, பழக்கி, சண்டைக்கு விடுகிற வீடியோ விளையாட்டு அது. பாகத்துக்குப் பாகம் புதுப்புது பூதங்கள் வந்தாலும் பிள்ளைகளுக்கு உயிர் சுருட்டிதான். சுருட்டி ஒரு பேய். கால் கிடையாது. முகத்தில் பாதி வாய். ஆடுகிறவர் கொஞ்சம் அசந்தால் போதும், பின்னால் வந்து பையிலிருந்து எதையாவது சுருட்டிக்கொண்டு ஓடும். துரத்திப் பிடித்தால் இளித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடும்.

கடைக்கு ஒரு சுருட்டி உடை வந்தது. அதற்குள் நுழைய உயரம் குறைந்த ஆள் வேண்டும். மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். உயரத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் சீறுகிறவள் அன்று சும்மா இருந்தாள். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது.

சும்மா உள்ளே புகுந்து கையை ஆட்டினால் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை பள்ளி நாளிலிருந்தே 'பூதப்பை' பைத்தியம். அவளிடம் விளையாட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் எந்தப் பொத்தான் எதற்கென்றே பிடிபடவில்லை. பாதையைவிட்டு ஆற்றில் போய் விழுந்துகொண்டே இருந்தாள். ஆனால் சுருட்டி வந்துவிட்டால் மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பாள். அது எப்படித் தரையோடு வழுக்கிப் போகிறது, திருடுவதற்கு முன் எப்படித் தலையைச் சாய்க்கிறது, கோபம் வந்தால் எப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் சமையலறையில் நடந்து நடந்து பழகினாள். கணவன் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கடையில் அவளுக்கு வேலை இதுதான். ஏதாவது ஒரு குடும்பத்தின் கூடையிலிருந்து ஒரு பொம்மையை உருவிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளை துரத்தி வந்து பிடித்தால் பொம்மையைக் கொடுத்து, கன்னத்தில் ஒரு சுருட்டிப் படமும் ஒட்டிவிட வேண்டும். மேலாளர் போட்ட விதிகள் இரண்டு. சுருட்டி பேசக்கூடாது. பிள்ளைகள் எதிரில் தலையைக் கழற்றக்கூடாது. உள்ளே பஞ்சு மெத்தையைச் சுற்றிக்கொண்ட புழுக்கம். கழுத்தடியில் வைத்த சின்ன விசிறி நினைத்தால் ஓடும், இல்லையென்றால் இல்லை. வாயில் இருந்த வலை வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க முடியும். பிள்ளைகள் கட்டிப்பிடிப்பார்கள், சில வாண்டுகள் உதைக்கவும் செய்வார்கள். ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அவள் வந்தால் கூட்டம் விலகி வழிவிட்டது. வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் அவளுக்கு வழிவிட்டதில்லை.

விடுமுறை நாள் ஒன்றில், கடை நெரிந்து வழிந்துகொண்டிருந்தபோது, ஓர் அம்மாள் தன் சின்ன மகளோடு வந்தாள். பளபளவென்ற கைப்பை, தலைமேல் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்ட தோரணை. சின்னி வழக்கம்போல அவர்கள் கூடையிலிருந்து ஒரு கரடிப் பொம்மையை உருவிக்கொண்டு வழுக்கி ஓடினாள். அந்தக் குழந்தை வாய்விட்டுச் சிரித்துத் துரத்தி வந்து பிடித்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்தாள். தன் செல்போனைக் காணவில்லை என்றாள். தன் பக்கத்தில் வந்தது இந்தப் பொம்மை ஒன்றுதான் என்றும், திருடுவதுதானே இதற்குப் பிழைப்பு என்றும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

மேலாளர் ஓடி வந்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கையத் தூக்குங்க" என்றார். அவள் தூக்குவதற்குள் அவரே பின்னால் போய் உடையின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்தார். உள்ளே கையை விட்டு இண்டு இடுக்கெல்லாம் துழாவினார். வேர்வையில் ஊறி உடம்போடு ஒட்டிய மெல்லிய சட்டையோடு, முதுகு திறந்து கிடக்க, நட்டநடுக் கடையில் சின்னி நின்றாள். விலகி வழிவிட்ட அதே கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவன் படம்கூட எடுத்தான். பேசக்கூடாது என்ற விதி அவள் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உச்சந்தலை எரிந்தது.

அப்போது பில் போடும் பெண் ஒரு செல்போனை உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தாள். அந்த அம்மாளே அதைப் பணம் கட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த அம்மாள் போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காணாமல் போனால் தேடத்தானே செய்வார்கள் என்று பொதுவாகச் சொன்னாள். மேலாளர் ஜிப்பை ஏற்றிவிட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

சின்னி போகவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது. "சுருட்டிக்குக் கோவம்" என்று ஒரு குழந்தை சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நடைபாதை அடைத்துக்கொண்டது. தள்ளுவண்டிகள் தேங்கின. மேலாளர் குனிந்து காதருகில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார். பலிக்கவில்லை. கடைசியில் அறிவிப்பு செய்யும் மைக்கை எடுத்துக்கொண்டு, கொஞ்சும் குரலில், "சுருட்டித் தங்கமே, மாமாவை மன்னிச்சிரும்மா" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கை தட்டியது.

அந்தச் சிரிப்புதான் அவளால் தாங்க முடியாமல் போனது. அவர் கை உள்ளே துழாவியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. எழுந்து திரும்பினாள். இரண்டு கையாலும் சுருட்டியின் தலையைப் பிடித்துத் தூக்கிக் கீழே வைத்தாள். நெற்றியில் முடி ஒட்டி, முகம் சிவந்து, மூச்சு வாங்க ஒரு சின்னப் பெண்பிள்ளை நின்றாள். சிரிப்பு அடங்கியது.

"தலைய மாட்டுங்க. பிள்ளைங்க பாக்குது" என்று மேலாளர் பல்லிடுக்கில் சொன்னார்.

"பிள்ளைங்க பாக்கும்போதுதானே சார் என் முதுகத் திறந்தீங்க?" என்றாள் சின்னி. குரல் தாழவில்லை. "பொம்மைகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. திருடின்னு நெனச்சது பொம்மைய இல்ல, என்னை. என்னைப் பாத்துக் கேளுங்க."

பில் போடும் பெண் கல்லாவைவிட்டு வந்து சின்னிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மேலாளர் மைக்கைக் கீழே இறக்கினார். அவள் கண்ணைப் பார்க்க அவர் குனிய வேண்டியிருந்தது. "தப்புதான்மா. கேக்காம கை வச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றார்.

அவள் அந்த அம்மாளைத் தேடினாள். அந்த அம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் வேலைக்குப் போனபோது, தலையைக் கழற்றியது விதிமீறல், இனி வர வேண்டாம் என்றார்கள். சொன்னவர் அதே மேலாளர்தான். மேலிடத்து உத்தரவு என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு கடையின் மற்றப் பெண்களை உடைக்குள் போகச் சொன்னார்களாம். பில் போடும் பெண் விஷயத்தைக் கடை முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் ஒருத்தியும் கிட்டப் போகவில்லையாம். சின்னிக்கு அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க மனசு குளிர்ந்திருந்தது.

இப்போது அவள் திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் தையல்காரி. ஓய்வு நாளில் தங்கையோடு உட்கார்ந்து 'பூதப்பை' ஆடுகிறாள். ஆற்றில் விழுவது நின்றுவிட்டது. எப்போதாவது பேச்சுவாக்கில் அந்தப் பொம்மைக் கடையின் பேச்சு வந்துவிட்டால் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிடுவாள். அவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, இன்னும் என்ன என்று கணவன் சமாதானம் சொல்வான்.

"தப்புப் பண்ணது ரெண்டு பேரு. கேட்டது ஒருத்தர்தான்" என்பாள் அவள்.

பளபளக்கும் கைப்பை மாட்டிய யாராவது தெருவில் எதிரே வந்தால் சின்னி இன்றைக்கும் நின்று, நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள்.