அசையாமல் நின்ற தெரு

சேலத்தில் நான் கல்லூரியில் படித்த காலத்தில் சினிமாப் பைத்தியம் பிடிக்காத மாணவன் கிடையாது. எல்லோருக்கும் நடிக்க ஆசை. எனக்கு மட்டும் படம் பிடிக்க ஆசை. இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிற சாது அல்ல நான். ஒரு நாள் உங்கள் எல்லோரையும் உட்காரவைத்து என் படத்தைக் காட்டாமல் விடமாட்டேன் என்று சவால் விட்டுவிட்டேன்.

சவால் விட்டாயிற்று, கேமராவுக்கு எங்கே போவது? நாமக்கல் பக்கத்து மிராசு வீட்டுப் பையன் ஒருவன் எனக்கு நெருங்கிய சிநேகிதன். அவனுடைய தாய்மாமனிடம் சாவி கொடுத்தால் ஓடுகிற சின்னக் கேமரா ஒன்று இருந்தது. யுத்த காலம், பிலிம் குதிரைக் கொம்பு. மாமன் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒரே ஒரு சுருளோடு அதை வாங்கி வந்தான். எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் பாவு போடுவதைப் படமெடுக்கப் போகிறேன் என்றதும் அவன் முகம் சுருங்கிவிட்டது.

"தறிக்காரத் தெருவுல என்னடா இருக்குது படம் புடிக்க? எங்க மாமன் கார்ல போறதை எடுத்தாலும் நாலு பேரு பார்ப்பாங்க. சுருள் வீணாச்சுன்னா மறுக்கா கேமராவைத் தொடக்கூட உடமாட்டாரு, பார்த்துக்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் என்ன இருக்கிறது என்று காட்டியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

பாவு போடுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தறியில் ஏற்றவேண்டிய நீளநூல் முழுவதையும் விடிந்ததும் தெரு நெடுக விரித்து, கழிகளில் தாங்கிக் கட்டி, கஞ்சி போடுவார்கள். ஈரம் காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடி ஓடிப் புருசு என்கிற பெரிய நார்த் தூரிகையால் வாரிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், பாவு பாழ். அதனால் ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கைகொடுக்கும். அந்த ஓட்டம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

குறித்த நாள் காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தவன் திகைத்துப் போனேன். கஞ்சி போட்டு முடித்த பாவின் இரு பக்கமும் தெருவே கல்யாண உடுப்பில் நின்றது. பட்டுப்புடவையில் அத்தை. வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டிய சித்தப்பா. அவர் ஒருமுறை போட்டோக் கடையில் படம் எடுத்துக்கொண்டவர். அதனால் அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"யாரும் அசையக் கூடாதுங்க. அசைஞ்சா மூஞ்சி கலைஞ்சு போயிரும். மூச்சை அடக்கிக்குங்க" என்றார்.

அசைந்தார்களா? கண்கூட இமைக்கவில்லை. ஓடும் படம் என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். படமென்றால் ஆடாமல் நிற்பது என்று பழகிய ஜனங்களிடம் அது எடுபடவில்லை. "நடங்க, வேலையைப் பாருங்க" என்று கத்தினேன். ஆத்திரத்தில் விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது எனக்கே தெரியவில்லை. கேமரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கிடைத்த ஒரே சுருளில் ஒரு தெருவே பொம்மைக் கொலுவாகப் பதிவாகிறது என்று உறைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அத்தையின் கண் பாவின் மேல் போனது.

"அடப் பாவிகளா, பாவு காயுது."

அவ்வளவுதான். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புருசைப் பிடித்தாள். சித்தப்பா கோட்டைக் கழற்றி எங்கேயோ வீசினார். தெரு மொத்தமும் பாய்ந்தது. கேமராவையும் மறந்தார்கள், என்னையும் மறந்தார்கள். சாவி தீரத் தீர முறுக்கிக்கொண்டு, நானும் பாவோடு சேர்ந்து ஓடி, சுருளின் கடைசி அங்குலம் வரை எடுத்துத் தள்ளினேன்.

சுருளைக் கழுவப் பம்பாய்க்கு அனுப்பினோம். திரும்பி வரும்வரை தினமும் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருந்தேன். வந்த வாரமே கல்லூரியில் பெரிய வகுப்பறை ஒன்றின் ஜன்னல்களை ஜமுக்காளம் கட்டி அடைத்தோம். அதே பாவில் நெய்த வெள்ளை வேட்டியைச் சுவரில் இழுத்துக் கட்டினோம். முன்வரிசையில் எங்கள் தெரு. பின்னால் என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பு. மாமனுடைய புரொஜெக்டரைச் சிநேகிதன் ஓட்டினான்.

வேட்டியில் எங்கள் தெரு தெரிந்தது. ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் கனைப்புச் சத்தம் கிளம்பியது. "இதுக்கு ஒரு போட்டோ போதுமேப்பா" என்று எவனோ சொன்னான். மெஷின் சிக்கிக்கொண்டதென்று நினைத்துச் சிநேகிதன் அதை நிறுத்தக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ஒரு கோழி, சித்தப்பாவின் காலடியில் சாவகாசமாக நடந்து போயிற்று. அறை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை திரும்பினாள். செத்த படம் உயிர்பெற்று எழுந்து ஓடியது. அத்தனை பேரும் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்கள். இன்னொரு தரம் போடு என்று முதலில் கேட்டது என்னைக் கேலி செய்த கூட்டம்தான். போட்டோம். மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் போட்டோம்.

முன்வரிசையில் சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் அசையாம நிக்கச் சொன்னதாலதானுங்க படம் இப்படி வந்துச்சு."

நான் மறுக்கவில்லை. அது முழு உண்மை.

வெளியே வந்ததும் சிநேகிதன் கேமராப் பெட்டியைத் தூக்கி வந்து என் தோளில் மாட்டினான்.

"மாமன் கிட்ட நான் பேசிக்கறேன், சுருளுக்கும் வழி பண்ணிக்கலாம். உங்க தெருவுல மறுக்கா எப்படா பாவு போடறாங்க?"

ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. "நாளைக்கே" என்றேன்.